திருமயம் பாறைக்குக் கேரவனா, வேனா?

தைப் பொங்கலுக்கு மெல்போர்னிலிருந்து அண்ணன் குடும்பம் காரைக்குடிக்கு வருகிறது. அவர்கள் நாலு பேர், இங்கே நாங்கள் நாலு பேர், அப்பத்தாவையும் சேர்த்தால் ஒன்பது. ஆஸ்திரேலியாவில் உலுரு பாறைக்குக் கேரவனில் போய் வந்ததிலிருந்து அண்ணனுக்கு ஒரே ஆசை, நம் பக்கத்துப் பாறைகளையும் அப்படியே சுற்ற வேண்டுமாம். “தம்பி, வண்டியிலேயே படுத்துக்கலாம், வண்டியிலேயே சமைச்சுக்கலாம், ரூம் தேடுற வேலையே இல்லை” என்கிறார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் காரைக்குடி, புதுக்கோட்டைப் பக்கத்துக்கு அந்தக் கணக்கு ஒத்து வருமா? சில வாரங்களாக விசாரித்ததையும் எனக்குத் தோன்றியதையும் இங்கே எழுதி வைக்கிறேன். வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர்கள் வரும் மற்ற வீடுகளுக்கும் பயன்படலாம்.

முதலில், அண்ணனுக்கு அங்கே கேரவன் ஏன் சரிப்பட்டது என்று பார்ப்போம். ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து உலுருவுக்குச் சாலை வழியாக 450 கிலோமீட்டருக்கு மேல். நடுவில் ஊர் என்று சொல்ல ஒன்றும் கிடையாது, பெட்ரோல் பங்கோடு சேர்ந்த விடுதிகள் அங்கங்கே சில இருக்கும். பாறைக்குப் பக்கத்தில் தங்க யுலாரா என்ற ஒரே ஊர்தான். தேசியப் பூங்காவுக்குள் இரவு வண்டி போட்டுத் தங்க அனுமதி இல்லை. யுலாராவிலேயே கேரவன் நிறுத்தும் மைதானம் இருக்கிறது. மின்சாரம், தண்ணீர், கழிவறைத் தொட்டியைக் காலி செய்யும் வசதி எல்லாம் அங்கே உண்டு. பாறை தூரம், படுக்கை அரிது, வண்டி நிறுத்த ஏற்பாடு தயார். இந்த மூன்றும் சேர்ந்ததால்தான் அங்கே கேரவன் புத்திசாலித்தனமான முடிவு. கேரவன் என்றால் எங்கேயும் சௌகரியம் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

இங்கே அந்த மூன்றில் ஒன்றுகூட இல்லை.

காரைக்குடியிலிருந்து திருச்சி சாலையில் திருமயம் இருபது கிலோமீட்டர் சொச்சம். கானாடுகாத்தானிலிருந்து என்றால் பத்துப் பன்னிரண்டுதான். திருமயத்திலிருந்து புதுக்கோட்டை இன்னொரு இருபது. அங்கிருந்து அன்னவாசல் சாலையில் சித்தன்னவாசல் பதினாறு, திருச்சி சாலையில் நார்த்தாமலையும் ஏறக்குறைய அவ்வளவே. எல்லாவற்றையும் ஒரே சுற்றாகப் போய் வந்தாலும் 120 கிலோமீட்டர் பக்கம்தான் வரும். பிள்ளையார்பட்டி, குன்றக்குடி இரண்டையும் இன்னொரு நாள் சேர்த்தால் மொத்தம் 200-க்குள் முடித்துவிடலாம்.

கேரவன் நமக்குக் காரைக்குடியில் கிடைப்பதில்லை. சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோதான் வர வேண்டும், இரண்டுமே 400 கிலோமீட்டருக்கு மேல். வாடகை வண்டிக்காரர்கள் எல்லோரும் “ஷெட் டு ஷெட்” கணக்குதான் போடுவார்கள். அதாவது வண்டி அவர்கள் இடத்தை விட்டுக் கிளம்பியதிலிருந்து திரும்பிப் போய் நிற்கும் வரை மீட்டர் நம்முடையது. நாம் உட்கார்ந்து ஓடுவது 200 கிலோமீட்டர், அது நம்மிடம் வந்து சேர்ந்து திரும்பிப் போவதற்கு 800. அண்ணனிடம் இந்த ஒரு கணக்கைச் சொன்னதும் போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அதற்கு மேல் நாள் வாடகை, டிரைவர் பேட்டா, டோல் எல்லாம் தனி. வெளி மாநிலப் பதிவு வண்டி என்றால் அகில இந்தியச் சுற்றுலாப் பர்மிட் இருக்கிறதா என்று கேட்காமல் அட்வான்ஸ் கொடுக்கக் கூடாது.

படுக்கைக் கணக்கும் இடிக்கிறது. இங்கே வாடகைக்கு வரும் கேரவன்கள் பெரும்பாலும் டெம்போ டிராவலர் அளவு வண்டியை மாற்றிக் கட்டியவை. பகலில் ஆறேழு பேர் உட்காரலாம், இரவில் நாலு பேர் படுத்தாலே நெருக்கம். நாங்கள் ஒன்பது பேர். ஆக, கேரவன் எடுத்தாலும் பின்னால் ஒரு கார் ஓடியாக வேண்டும், ஐந்து பேருக்கு ரூமும் போட்டாக வேண்டும். போதாக்குறைக்கு டிரைவர் ஒருவர் உண்டு. ஆஸ்திரேலியாவில் அண்ணனே ஓட்டிக்கொண்டு போனார். இங்கே கேரவன் பெரும்பாலும் டிரைவரோடுதான் வருகிறது. அவர் எங்கே தூங்குவார்? முன் சீட்டில், ஒரு தடுப்புத் தட்டிக்கு அந்தப் பக்கம். குடும்பத்தோடு தனிமையாக இருக்கலாம் என்று எடுக்கிற வண்டியில் முன்பின் தெரியாத மனுஷர் ஒருவர் இரவெல்லாம் உடம்பை மடக்கிக்கொண்டு கிடப்பது அவருக்கும் கஷ்டம், நமக்கும் சங்கடம்.

சரி, கேரவனால் ஒரு லாபமும் இல்லையா என்றால், இருக்கிறது. கழிவறை. பாறை பார்க்கப் போகிற இடங்களில் பெண்களுக்கும் வயசானவர்களுக்கும் உள்ள பெரிய பாடு இதுதான், யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அப்பத்தா எங்கே கூப்பிட்டாலும் “நான் வரலைப்பா, நீங்க போயிட்டு வாங்க” என்பார். முட்டு வலி என்று காரணம் சொல்வார். உண்மைக் காரணம் வழியில் ஒதுங்க நல்ல இடம் இல்லாததுதான் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். கேரவன் வந்தால் அப்பத்தா வருவார். இந்த ஒரு காரணத்துக்காகவே நான் அந்த யோசனையைச் சட்டென்று தள்ளாமல் இவ்வளவு தூரம் விசாரித்தேன்.

ஆனால் அந்தக் கழிவறையின் தொட்டியை எங்கே காலி செய்வது? அதற்கென்று ஒரு இடம் இந்தச் சுற்று வட்டாரத்தில் இருப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை. தங்கும் விடுதிக்காரர்களிடம் பேசி அவர்கள் செப்டிக் டேங்கில் விடலாம், சம்மதித்தால். கூரை ஏசி இரவு முழுக்க ஓட வெளியிலிருந்து மின்சார இணைப்பு வேண்டும், இல்லையென்றால் ஜெனரேட்டர் உறுமும். தை மாதம் என்பதால் ஏசி இல்லாமல் சமாளித்துவிடலாம், கொசு விடுமா என்பது வேறு விஷயம்.

இப்போது மற்ற இரண்டு வழிகள். ஒன்று, காரைக்குடி வீட்டிலேயே இருந்துகொண்டு தினமும் இரண்டு காரில் போய் வருவது. செலவு இதில்தான் குறைவு. ஆனால் வீட்டில் இருந்தால் வீட்டு வேலை விடாது. யாராவது பார்க்க வருவார்கள், காபி போட வேண்டும், பத்து மணிக்குக் கிளம்புவோம். பத்து மணிக்குக் கிளம்பி மொட்டைப் பாறையில் ஏறுவதற்குச் சும்மா இருக்கலாம். அதனால் இதை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை.

அடுத்தது, கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ விடுதியாக மாற்றிய செட்டிநாட்டு வீடு ஒன்றில் இரண்டு மூன்று இரவு தங்கி, பன்னிரண்டு சீட் வேன் ஒன்றை உள்ளூரிலேயே எடுத்துக்கொள்வது. என் ஓட்டு இதற்குத்தான், அதற்குச் சிக்கனம் மட்டும் காரணம் இல்லை. அண்ணன் பிள்ளைகள் மெல்போர்னில் வளர்ந்தவை. முகப்புத் திண்ணை, நடுவில் வானம் தெரியும் வளவு, இரண்டாம் கட்டு, பின்கட்டு என்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் வீட்டில் அவர்கள் ஒரு ராத்திரியாவது தூங்க வேண்டாமா? ஆத்தங்குடித் தரையில் வெறுங்காலோடு ஓடவிட்டால் போதும், வேறு விளையாட்டுச் சாமான் வேண்டாம். உலுரு பக்கத்தில் படுக்கை அரிது. இங்கேயோ படுக்கையே பார்க்க வேண்டிய பொருள். அதை விட்டுவிட்டு அந்த வீட்டு வாசலிலேயே வண்டியை நிறுத்தி, ரெக்சின் மெத்தையில் படுப்பதில் எனக்குச் சம்மதம் இல்லை.

சாப்பாட்டு விஷயமும் அப்படித்தான். கேரவனில் இண்டக்ஷன் அடுப்பு, சின்ன ஃபிரிட்ஜ் எல்லாம் உண்டு. யார் சமைப்பது? அண்ணியும் என் மனைவியும்தான். பொங்கல் விடுமுறையில் நாலடி இடத்தில் நின்று அவர்கள் தோசை ஊற்ற, காரைக்குடியில் வெள்ளைப் பணியாரமும் கும்மாயமும் புதுக்கோட்டையில் முட்டை மாஸும் கிடைக்கிற சாலையில் நாம் போய்க்கொண்டிருப்போம். இதை அண்ணியிடம் சொன்னபோது அவர் ஓட்டும் வேனுக்கு விழுந்துவிட்டது.

வண்டிக்கு அடுத்தபடியாக எந்தப் பாறை என்பதையும் முடிவு செய்ய வேண்டும். வண்டியைப் பொறுத்துப் பாறையும் மாறும்.

முதல் இடம் திருமயத்துக்கு. சாலையிலிருந்தே கோட்டை தெரியும், வண்டி பக்கத்திலேயே நிற்கலாம். சாலை ஓரத்துக் கோட்டைப் பைரவரை லாரிக்காரர்கள்கூடக் கும்பிட்டுவிட்டுத்தான் தாண்டுவார்கள். 1687-இல் சேதுபதி காலத்தில் எழுந்த கோட்டை. ஏழு சுற்று மதில் இருந்ததாகச் சொல்வார்கள். ஊமைத்துரை பெயரால் ஊமையன் கோட்டை என்றும் அழைப்பார்கள். உச்சியில் பீரங்கி ஒன்று நிற்கிறது. பாறையின் மேற்குச் சரிவில் இரும்பு ஏணி வைத்து ஏறிப் பார்க்கும்படி ஒரு சின்னக் குடைவரை, உள்ளே லிங்கம். பிள்ளைகளுக்கு அந்த ஏணியே போதும். மேலே நின்றால் கண்மாய்களும் பொட்டலும் தைலமரக் காடுகளும் தட்டையாக விரிந்து கிடக்கும். ஐப்பசி, கார்த்திகை மழை நன்றாகப் பெய்திருந்தால் தை மாதம் தண்ணீர் இன்னும் நிற்கும், பார்க்க அழகு.

இன்னொரு விஷயம்தான் எனக்கு முக்கியம். பாறை ஏற முடியாதவர்களுக்கும் இங்கே பாறை உண்டு. கோட்டைக்குத் தெற்கே அடிவாரத்தில் சத்தியகிரீசுவரர், சத்தியமூர்த்திப் பெருமாள் என்று இரண்டு குடைவரைக் கோயில்கள் அக்கம்பக்கமாக இருக்கின்றன. பெருமாள் கோயில் 108 திவ்ய தேசங்களில் ஒன்று. உள்ளே அதே பாறையில் செதுக்கிய பள்ளிகொண்ட பெருமாள், நாட்டிலேயே பெரிய சயனச் சிற்பங்களில் ஒன்று. நாங்கள் மேலே ஏறி இறங்குவதற்குள் அப்பத்தா இரண்டு கோயிலையும் நிதானமாகச் சேவித்துவிட்டு மண்டபத்தில் உட்கார்ந்திருப்பார். இந்த இரண்டு கோயில்காரர்களும் ஒரு காலத்தில் நிலத்துக்கும் வருமானத்துக்கும் சண்டை போட்டு, 13-ஆம் நூற்றாண்டில் ஹொய்சளத் தளபதி அப்பண்ணர் வந்து பேசித் தீர்த்து, அதைக் கல்வெட்டாகவும் வெட்டிவைத்தார்கள். எங்கள் வண்டிப் பஞ்சாயத்துக்கும் அப்படி ஒருவர் வந்தால் தேவலை.

அழகில் நார்த்தாமலை ஒரு படி மேல். மேலமலை, கடம்பர்மலை, ஆளுருட்டிமலை, பொம்மமலை என்று பாறைக் குன்றுகள் கூட்டமாக நிற்கின்றன. மேலமலையில் மரம் மட்டை இல்லாத வெறும் பாறை மேல் நடந்தே ஏற வேண்டும். மேலே விஜயாலய சோழீசுவரம், ஒன்பதாம் நூற்றாண்டுக் கற்றளி. வெளியே சதுரம், உள்ளே வட்டக் கருவறை. எதிரே பாறையைக் குடைந்த இரண்டு குகைகள், ஒன்றில் பன்னிரண்டு விஷ்ணு உருவங்கள் ஆளுயரத்துக்கு வரிசையாக நிற்கின்றன. இந்தப் பக்கத்துப் பாறைகள் வெங்காயச் சருகு உரிவதுபோல மேல்பக்கம் ஏடு ஏடாக உரியும், அதனால்தான் குன்றுகள் எல்லாம் மொழுமொழுவென்று வளைந்திருக்கின்றன. அந்த வளைவில் காலை வெயில் விழுவதை நார்த்தாமலையில் பார்ப்பது போல வேறு எங்கும் பார்க்க முடியாது. புதுக்கோட்டை மாவட்டத்தில் எத்தனை குன்றுகள் இப்படி இருந்து ஜல்லியாகிப் போயின என்பதையும் நினைக்காமல் இருக்க முடிவதில்லை. கல்குவாரிகளைத் தாண்டித்தான் இங்கே வருகிறோம்.

ஆனால் நிழல் கிடையாது, மேலே கடை கிடையாது, தண்ணீர் கொண்டுபோக வேண்டும். ஊருக்குள் போகும் வழி குறுகல், தாழ்ந்து தொங்கும் கம்பிகள் வேறு. உயரமான கேரவனை அங்கே திருப்புவது டிரைவருக்குத் தண்டனை. வேன் போதும், கார் இன்னும் நல்லது. அப்பத்தாவுக்கு இது வேண்டாம்.

சித்தன்னவாசலில் வண்டி நிறுத்த இடம் தாராளம். கேரவனோடு வருகிறவர்களுக்கு இந்த வட்டாரத்தில் வசதியான இடம் இதுதான். அறிவர் கோயில் என்ற சமணக் குடைவரைக்குக் கொஞ்சம் படிதான். விதானத்து ஓவியத்தில் தாமரைக் குளம், மீன், அன்னம், பூப்பறிக்கும் ஆட்கள் எல்லாம் மங்கியிருந்தாலும் இன்னும் தெரிகின்றன. ஏழடிப்பட்டம் என்ற குகையைப் பார்க்க மலை முகட்டைக் கடந்து மறுபக்கம் போக வேண்டும். சமண முனிவர்களின் பதினேழு கல் படுக்கைகள், தலையணை போல மேடாக்கி வழுவழுவென்று தேய்த்தவை, தமிழ் பிராமி எழுத்தோடு. கிறிஸ்து பிறப்பதற்கு முன்பே இங்கே ஒருவர் தங்கப் பாறையையே தேர்ந்தெடுத்திருக்கிறார். அண்ணன் பிள்ளைகள் கேரவன் படுக்கை சிறிது என்று புகார் சொன்னால் இங்கே கூட்டி வரலாம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குடுமியான்மலை இசைக் கல்வெட்டுக்காகப் போக வேண்டிய இடம், பிள்ளைகளுக்குப் பொறுமை இருக்காது. பாரி ஆண்ட பறம்பு என்று சொல்லப்படும் பிரான்மலை நன்றாக ஏறத் தெரிந்தவர்களுக்கு. மேலே தர்கா, கீழே கொடுங்குன்றநாதர், ஒரு முழு நாளைக் கேட்கும். ஆனைமலை மேலூர் சாலையில் மதுரையைத் தாண்டும்போது வண்டியிலிருந்தே படுத்த யானையாகத் தெரியும். மதுரை விமான நிலையத்திலிருந்து வருகிறவர்களுக்குத் தனியாகப் போக வேண்டிய அவசியமே இல்லை. பிள்ளையார்பட்டி, குன்றக்குடி இரண்டும் சாமி கும்பிடப் போகிற இடங்கள், பாறை பார்க்க என்று போனால் கூட்டத்தில் கூரைதான் தெரியும். தை மூன்றாம் நாள் சிராவயல் மஞ்சுவிரட்டு என்பதால் அன்று அந்தத் திருப்பத்தூர் சாலைப் பக்கமே வண்டியைத் திருப்ப வேண்டாம்.

இவ்வளவுக்குப் பிறகும் அண்ணன் கேரவன்தான் வேண்டும் என்றால், அதற்கும் ஒரு நல்ல வழி இருக்கிறது. வண்டியைக் காரைக்குடிக்கு வரவழைக்காமல், அவர்கள் சென்னையில் இறங்கும்போதே ஏறிக்கொள்ள வேண்டியதுதான். அவர்கள் நாலு பேர், வண்டியில் படுக்கையும் நாலு, கணக்கு நேராகிவிடும். மாமல்லபுரத்தில் வெண்ணெய் உருண்டைப் பாறை, சுமார் 250 டன். 1908-இல் ஏழு யானைகளைக் கட்டி இழுத்தும் அசையவில்லை என்பார்கள். பிறகு செஞ்சி. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று குன்றுகளை மதிலால் இணைத்த கோட்டை, 2025-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. செஞ்சியில் ஏற அரை நாளும் நல்ல காலும் வேண்டும், இறங்கி வந்ததும் வண்டியிலேயே காலை நீட்டிப் படுக்கலாம். அங்கிருந்து திருச்சி. மலைக்கோட்டைக் கடைவீதிக்குள் கேரவனை நுழைக்க நினைக்கவே வேண்டாம், ஊருக்கு வெளியே விட்டுவிட்டு ஆட்டோவில் போய் வரலாம். அப்புறம் சித்தன்னவாசல், திருமயம், கடைசியாகக் கானாடுகாத்தான். அங்கே வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டு எங்களோடு வீட்டில் சேர்ந்துகொள்ளலாம். வண்டி காலியாக ஓடுவது திரும்பும் வழியில் மட்டும்தான். இந்த வழியில் கேரவனுக்கு வேலை இருக்கிறது, மாமல்லபுரத்திலிருந்து திருச்சி வரை ஒவ்வொரு பாறைக்கும் நடுவே நூறு கிலோமீட்டருக்கு மேல், ஒவ்வொரு ராத்திரியும் வேறு ஊர். இரவில் நிறுத்துவதற்கு மட்டும் முன்கூட்டியே விடுதிகளில் பேசி, மின்சார இணைப்போடு இடம் வாங்கிவிட வேண்டும். தொல்லியல் துறை இடங்களின் வாசலில் ராத்தங்கலாம் என்று நம்பிப் போகக் கூடாது.

அப்பத்தா விஷயத்துக்கும் கேரவன் இல்லாமலே வழி கண்டுபிடித்தோம். திருமயம் அன்று காலை ஆறரைக்கே கானாடுகாத்தானை விட்டுக் கிளம்பி முதலில் கோயில்கள், கோட்டை திறந்ததும் ஏற்றம், பதினொரு மணிக்குள் வீட்டுக்குத் திரும்பல். பன்னிரண்டு கிலோமீட்டருக்கு நடுவில் யாருக்கும் ஒதுங்க இடம் தேட வேண்டியதில்லை. கோயில் நடை மதியம் சாத்தினால் மாலை நாலு மணி வாக்கில்தான் திறக்கும் என்பதாலும் காலைதான் சரி. சித்தன்னவாசல், நார்த்தாமலை அன்று புதுக்கோட்டையில் நல்ல ஓட்டலாகப் பார்த்து ஒரே ஒரு ரூம், பகலுக்கு மட்டும். காலையில் நார்த்தாமலை முடித்துவிட்டு வந்து குளித்து, சாப்பிட்டு, வெயில் தாழும் வரை படுத்துவிட்டு, மூன்றரை மணிக்குச் சித்தன்னவாசல். அப்பத்தா காலையில் ரூமில் டிவி பார்க்கட்டும், மாலையில் அறிவர் கோயிலுக்கு மட்டும் வரட்டும். சொன்னேன். “ரூம்ல வெஸ்டர்ன் டாய்லெட்டான்னு கேட்டியாப்பா?” என்றார். கேட்டுவிட்டேன், இருக்கிறது.

வேனுக்குச் சொல்லியாகிவிட்டது, அட்வான்ஸ் இன்னும் கொடுக்கவில்லை. அண்ணன் செஞ்சி வழியைப் பற்றி அண்ணியிடம் கேட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுகிறேன் என்றிருக்கிறார். எப்படி முடிவானாலும் கானாடுகாத்தான் வீட்டை இப்போதே பிடித்துவிட வேண்டும், பொங்கல் வாரத்தில் அது கடைசி நேரத்தில் கிடைக்காது.